கைக்குப் பொருந்திய பட்டை

நடந்தது மழைக்காலமா, வெயில்காலமா என்று எனக்கே இப்போது சந்தேகம். பேச்சு மட்டும் ஏறக்குறைய இதுதான்.

வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த ஒரு தம்பிக்கு இருபத்தாறு வயது, நூற்று முப்பது கிலோ. அவனுடைய அக்காதான் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்திருந்தாள். இடுப்பைச் சுற்ற நர்சின் டேப் எட்டவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றிய பட்டையும் பட்டென்று பிரிந்துகொண்டது.

"பாத்தியாக்கா? பட்டை சின்னதுன்னா பிரஷர் கூடத்தான் காட்டும். எங்க போனாலும் இதே கூத்து."

"வாய மூடிட்டுக் கைய நீட்டுடா."

இந்தச் சாக்கை வைத்தே வருஷக்கணக்காக மாத்திரையைத் தட்டிக்கழித்துவந்தான். அது பொய்யும் இல்லை என்பதால் அவளால் மறுத்துப் பேச முடிந்ததில்லை.

நர்ஸ் அடுத்த வார்டிலிருந்து பெரிய பட்டையைக் கொண்டுவந்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. காற்று இறங்கியதும், "நூத்தி எண்பது" என்றாள்.

"இதுவும் எனக்குச் சின்னதுதான் போல," என்றான் தம்பி. அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

அப்புறமும் அவன் மாத்திரை போடவில்லை. மறுவருஷம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் திரும்பவில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டு அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள். நர்ஸ் மாற்றலாகிப் போய்விட்டாள்.