சாயங்காலம் வரை உயிரோடு

தகப்பனார் சண்முகராஜ் ஐஸ்பெட்டிக்குள் படுத்திருக்க, பதினான்கு வருஷத்துக்கு முன்பே செத்துப்போன மூத்த மகன் முத்துகிருஷ்ணன் தோள்பையோடு வாசலில் வந்து நின்றான். அழுதுகொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

முத்துகிருஷ்ணன் நோயில் சாகவில்லை. அவனுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை செல்லத்துரைக்கும் இருந்த நேசம் தெரியவந்ததும், தகப்பனார் அவனை அடித்துப் பம்பாய்க்கு விரட்டினார். தலைமுழுகினார். பதினாறாம் நாள் கருமாதி வைத்து, கோவில்பட்டிச் சொந்தம் அத்தனைக்கும் வடை பாயசத்தோடு சோறு போட்டார். சாப்பிட்டவர்களில் ஒருவர்கூடப் பிணம் எங்கே என்று கேட்கவில்லை. பாயசம் அவ்வளவு நன்றாக இருந்ததாம்.

இப்போது கொள்ளியில் வந்தது சிக்கல். தகப்பனுக்கு மூத்தவன்தான் வைக்கவேண்டும். சித்தப்பா மாயகிருஷ்ணன் சாஸ்திரம் தெரிந்தவர், அதாவது அடுத்தவருக்குச் சொல்லத் தெரிந்தவர். செத்தவன் கொள்ளி வைத்தால் அண்ணன் கரையேறமாட்டார் என்றார். இளையவன் செண்பகராஜ் இருக்கிறானே, தங்கமான பையன், தை மாதம் கல்யாணம், அவன் வைக்கட்டும் என்றார்.

தங்கமான பையனுக்கு வியர்த்துக் கொட்டியது. அன்று அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன் அவன்தான். அது தெரிந்துதான் முத்துகிருஷ்ணன் தம்பியின் கடிதங்களைப் பிரிக்காமலே கிழித்துப்போட்டான். செண்பகராஜ் சித்தப்பாவை உள்ளறைக்குக் கூப்பிட்டான். அண்ணனையும்தான்.

"அப்பாட்ட சொன்னது நான்தான் சித்தப்பா. அண்ணனக் காட்டிக்கொடுத்துட்டா என்னைய யாரும் சந்தேகப்படமாட்டாவன்னு நெனச்சேன். நானும் அண்ணன மாதிரிதான். அந்தப் பிள்ளை கழுத்துல தாலி கட்டி அவ வாழ்க்கையக் கெடுக்கமாட்டேன். எனக்கும் கருமாதி வச்சிருங்க."

மாயகிருஷ்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். இவனும் செத்துவிட்டால் அடுத்த பங்காளி அவர்தான். மொட்டை போடவேண்டும். செண்பகராஜைக் கைகாட்டியபோது மறந்திருந்த விதி இப்போது நினைவுக்கு வந்தது: கொள்ளி வைத்தவன் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் நடத்தக் கூடாது. அவர் மகள் ஐஸ்வர்யாவுக்கோ அடுத்த மாதம் முகூர்த்தம், மண்டபம்கூடப் பிடித்தாயிற்று. சாஸ்திரம் சட்டென்று இளகியது.

"ஏலே, வெளிய மூச்சு விடாதீங்க. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் உசிரோட இருந்துக்கிடுங்க. பெறவு பாத்துக்கிடுவோம்."

அவர் போனதும் செண்பகராஜ் குலுங்கி அழுதான். முத்துகிருஷ்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பதினான்கு வருஷக் கோபம் அத்தனை எளிதில் இறங்குமா?

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத" என்றான். "ஆனா ஒன்னய இவியகிட்ட தனியா விட்டுட்டுப் போகமாட்டேன்."

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் ஒரே கொள்ளியைச் சேர்ந்து பிடித்து வைத்தார்கள். வைத்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும் என்பது முறை. இருவரும் அப்படியே நடந்தார்கள். குளிக்கிற இடத்தைத் தாண்டி, கரிசல் காட்டு ஒற்றையடிப் பாதையில், ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் தன் தலையில் விழப்போவது புரிந்து, மாயகிருஷ்ணன் பின்னாலிருந்து மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

சாஸ்திரத்தை மீற அவர்களுக்கு மனம் வரவில்லை.