டிட் நாட் கேம்

சாரல் பிடித்த ஜூன் மாதம் பத்தொன்பதாம் தேதி, காலை பதினொன்றே காலுக்கு, ஏசுதாசன் தென்காசியில் தன் வீட்டுக்கு வந்தார்; அதே நேரத்தில் வராமலும் இருந்தார். அவர் மனைவி சுகிர்தம் இங்கிலீஷில் எழுதிய ஒரு வரிதான் இதற்குக் காரணம்.

ஏசுதாசனுக்கு மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் வேலை. பதினாறாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த மத்தியானம் போயிற்று, மூன்று நாளும் போயிற்று. போன் அணைந்து கிடந்தது. கம்பெனியில் கேட்டதற்கு, ஆள் விமானம் ஏறிவிட்டார், வீட்டுக்கு வரவில்லையென்றால் மனைவி இங்கிலீஷில் எழுதி அனுப்பட்டும், அதை வைத்துத்தான் போலீசுக்கு எழுத முடியும் என்றார்கள். சுகிர்தம் பத்தாவது வரை படித்தவள், ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறாள். ரூம், ஹாட் வாட்டர், செக் அவுட் எல்லாம் வரும். வினைச்சொற்களோடு பழக்கமில்லை. தமிழில் ‘வரல’ என்றால் போதும், அது நேற்றைக்கும் ஆகும், இந்த நிமிஷத்துக்கும் ஆகும். இங்கிலீஷில் காலத்தைக் காட்டியாக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. தப்பாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் அதை இரண்டு இடத்தில் காட்டினாள். ‘மை ஹஸ்பண்ட் டிட் நாட் கேம்.’ அனுப்பிய கையோடு வெளிக்கேட் திறந்தது.

ஏசுதாசன் பையை வைத்துவிட்டு வயர் நாற்காலியில் உட்கார்ந்தார். வயர் தாழவில்லை.

“எப்பம் வந்திய?” என்று கேட்டாள்.

“நான் எங்கட்டி வந்தேன்?” என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே. கேலி மாதிரியும் இல்லை. சோறு போட்டாள். குழம்பில் உப்பு தூக்கல் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார். தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. கிழக்கு வீட்டு ஹாஜரா பீவி வாசலில் நின்று அவரிடம், மெலிந்துவிட்டீர்களே அண்ணாச்சி என்று நலம் விசாரித்தாள். அவளுக்கு இரண்டடி தள்ளி நின்ற மேற்கு வீட்டு நாறும்பூநாதன், “தகவல் ஒண்ணும் இல்லையாம்மா?” என்று சுகிர்தத்திடம் கேட்டார். இருவர் கேட்டதும் நியாயமாக இருந்ததால் தெருவில் இதைப் பற்றித் தகராறு எதுவும் நடக்கவில்லை.

சுகிர்தத்தின் பாடுதான் திண்டாட்டம். எதிரில் ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு என்ன ஆயிற்றோ என்று பயப்பட வேண்டியிருந்தது. பாதி இங்கே இருக்கிறதென்றால் மீதி எங்கே கிடக்கிறது? ஆஸ்பத்திரியிலா, ஏதாவது தண்டவாளத்துப் பக்கமா? அவரையே கேட்கலாம். கேட்டால் இந்தப் பாதியும் யோசிக்க ஆரம்பித்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். லாட்ஜில் ஒரு ரூம்காரருக்கு இன்னொரு ரூமின் சாவியைக் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் இருக்கக் கூடாதே என்று ஒரு நிமிஷமும், இல்லாமல் போய்விடக் கூடாதே என்று மறு நிமிஷமும் தோன்றியது. இரண்டையும் நினைத்தவள் தானே என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் கம்பெனியின் பதில் வந்தது. அவர் வந்தாரா, வரவில்லையா என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. திங்கட்கிழமைக்குள் தெளிவாக எழுதாவிட்டால் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வோம்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷாரோன் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனாள். ஷாரோன் அவளைவிடப் பதினெட்டு வயது இளையவள். வகுப்பில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் மாடனும் இருந்தார். அவர் இங்கிலீஷ் முழுக்க ‘ஐ ஆம் ரப்பிங், யூ ஆர் ஸ்லீப்பிங்’தான். இறந்தகாலமும் படியுங்கள் என்று ஷாரோன் சொன்னால், “தேய்ச்சு அனுப்புன ஆளப் பத்தி நமக்கு என்ன பேச்சு டீச்சர்?” என்பார்.

ஷாரோன் அந்த வரியைப் படித்தாள். “டிட் வந்தாச்சுல்லாக்கா, அப்புறம் கேம் எதுக்கு? கம் போதும்.”

“கேம் இருந்தா என்ன?”

“பாதி வரலங்குது, பாதி வந்தாச்சுங்குது. படிக்கவன் என்ன செய்வான்?”

சுகிர்தம் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “சரி, டிட் நாட் கம்னு எழுதுனா?”

“வரல. முடிஞ்ச கத.”

“முடியாத கதைக்கு?”

ஷாரோன் போர்டில் எழுதினாள். ஹேஸ் நாட் கம் யெட். “யெட்டுன்னா இன்னும். இன்னும் வரல.”

“அதுல ஒரு ‘இங்’ போட்டுக்கிடும்மா, நல்லாருக்கும்,” என்றார் மாடன்.

வெறும் கேம் என்று எழுதினால் வீட்டில் இருப்பவர் இருந்துவிடுவார், வராத பாதியை யாரும் தேட மாட்டார்கள். டிட் நாட் கம் என்றால் தேடுவார்கள். முடிந்துபோன ஒருவரைத் தேடுவது போலத் தேடுவார்கள். யெட் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இங்கே இருக்கிற பாதி இருக்காது என்பது மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமல் நாளெல்லாம் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் ஒருமுறை, “என்னட்டி, புதுப் பொண்ணு மாதிரி பாக்குத?” என்றார்.

திங்கட்கிழமை காலையில் யெட் போட்ட வரியைப் போனில் அடித்து வைத்துக்கொண்டு, “அனுப்பட்டா?” என்று அவரிடமே கேட்டாள்.

“என்னக் கேட்டா எல்லாம் செய்யுத?” என்றார்.

அனுப்பினாள். ஏசுதாசன் எழுந்து சட்டைப் பித்தான்களைப் போட்டு, பையைத் தோளில் மாட்டினார். “வாரேன்ட்டி” என்று சொல்லி இறங்கிப் போனார். ஊரில் வெளியே கிளம்புகிற எல்லோரும் சொல்லும் சொல்தான். போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அது எந்தக் காலம் என்று ஷாரோனிடம் கேட்க நினைத்தாள், பிறகு கேட்கவில்லை.

கம்பெனி போலீசுக்கு எழுதியது, போலீசும் தேடுகிறது. அடுத்த மாதமே புளியரையில் அவர் டீ குடித்ததைப் பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் சொன்னார். ஆறு மாதம் கழித்துச் செங்கோட்டை, மறு வருடம் இன்னும் கிட்டத்தில் பிரானூர். பார்த்தவர்கள் எல்லோர் கண்ணிலும் அவர் தென்காசிப் பக்கம் முகம் வைத்தபடிதான் பட்டிருக்கிறார். இப்போது ஹாஜரா பீவியும் நாறும்பூநாதனும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். போன வாரம் வேலைக்குக் கிளம்பிய சுகிர்தத்தை இருவரும் சேர்ந்தே நிறுத்தி, அண்ணாச்சி இலஞ்சி விலக்கு வரை வந்துவிட்டார் என்றார்கள்.

“பஸ்ஸுலயா, நடந்தா?” என்று கேட்டாள்.

“நடந்துதான்.”

“அப்பம் நேரமாகும்,” என்று சொல்லிவிட்டு, ஐந்தருவி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.