கன்னி மூலைக் கதவு

போடியின் மலையடிவாரத்தில் கிறிஸ்டோபர் வாங்கிய மனை சரிவானது. அதன் மேற்குப் பக்கமாகச் சென்ற தெருவும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறிக்கொண்டே போயிற்று.

அவர் மனைவி கிருபாவதி புது வீட்டிற்காகக் கேட்டது ஒன்றுதான்: வாசலில் படி இருக்கலாகாது. இரண்டாண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது முதல் அவள் வாக்கரைப் பிடித்தே நடந்தாள். சமதரையில் அவளுக்கு எவர் துணையும் வேண்டியதில்லை. வாடகை வீட்டின் மூன்று படிகளில் மட்டும் ஒருபுறம் கணவரும் மறுபுறம் எதிர்வீட்டுக்காரரும் கைத்தாங்கலாக இறக்கிவிட வேண்டும். அதற்குக் கூசியே பல ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்திற்குப் போகாமல் இருந்துவிட்டாள்.

முத்துராஜா கொத்தனார் எல்லாவற்றிற்கும் தலையாட்டினார். அடித்தளம் எழுப்பிக் கான்கிரீட் போட்டு முடித்த பிறகு கிருபாவதி கணவருடன் ஆட்டோவில் வந்து பார்த்தாள். வாசலுக்கென விட்டிருந்த வடபாதியில், தளம் தெருவிலிருந்து அவள் இடுப்பளவு உயர்ந்து நின்றது.

"கொத்தனாரே, படி வேண்டாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீகக்கா. ஆனா ரோட்டை நெனச்சுப் பாருங்க. நாலு வருசத்துக்கு ஒருக்க ஒரு சாண் ஒசத்திப் போட்டுட்டுப் போயிருறாக. ரோட்டு மட்டத்துக்கு வீட்டை வச்சா, மழைத்தண்ணி நேரா அடுப்படிக்குத்தான் வரும். அஞ்சு படி வச்சு, பக்கத்துல சாய்தளமும் போட்டுத் தாரேன்."

அவர் ஏமாற்றவில்லை, நல்லது செய்வதாகவே எண்ணியிருந்தார். தெருவைவிட உயராத வீட்டை அவ்வூரில் எந்தக் கொத்தனாரும் கட்டித் தருவதில்லை.

"சாய்தளத்துக்கு எம்புட்டு எடம் இருக்கு?"

"ஆறடி."

"மூணடி ஒசரத்துக்கு ஆறடியா? அதுல ஸ்கூட்டர் ஏறும். நான் உருண்டுதான் எறங்கணும்."

"நான் புடிச்சுக்கிட மாட்டேனா?" என்றார் கிறிஸ்டோபர்.

"நீங்க காலையில கடைக்குப் போனா ராத்திரிதான் வருவீக. அதுவரைக்கும் நான் வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கவா?"

கிருபாவதி வாக்கரை ஊன்றியபடி, அடித்தளத்தை ஒட்டித் தெருவில் மெல்ல மேலே நடந்தாள். தளம் ஒரே மட்டமாக நிற்க, தெரு மட்டும் உயர்ந்துகொண்டே வந்தது. தென்கோடிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன.

"அந்த மட்டக்குழாயை எடுத்துட்டு வாங்க."

தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைத் தளத்திலும் மறுமுனையைத் தெருவிலும் பிடித்துப் பார்த்தார்கள். தளம் நான்கு விரற்கடையே உயர்ந்திருந்தது.

"வாசலை இங்கன வைங்க. ரோட்டுத் தண்ணிக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, மேல கம்பி போட்டுருவோம்."

முத்துராஜா குழாயைக் கீழே வைத்தார். "இது கன்னி மூலைக்கா. தென்மேற்கு ஒசந்திருந்தா யோகம்தான், ஆனா அங்கன வாசல் வைக்கிறது கெடையாது. நாளைக்கு இந்த வீட்டுல ஒருத்தருக்குத் தலைவலி வந்தாக்கூட முத்துராஜா வச்ச வாசல்தான்பாக. அப்புறம் என்னைய எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

"நாங்க வேதக்காரவுக. எங்களுக்கு ஏது கன்னி மூலை?"

"போர் போடுறப்ப ஈசானியத்துலதான் போடணும்னு அண்ணாச்சியே சொன்னாகளே."

ஆலயக் கமிட்டிச் செயலாளரான கிறிஸ்டோபர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "அது பள்ளமான எடம், தண்ணி கெடைக்கும்னு..."

"கெடைக்கும், கெடைக்கும்," என்றாள் கிருபாவதி.

கொத்தனார் சிறிது நேரம் தென்கோடியையும் வடகோடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணு செய்வோம். தலைவாசல் நான் சொன்ன எடத்துலயே இருக்கட்டும். நல்ல நேரம் பாத்து நிலை வச்சு, வேட்டி துண்டு வாங்கிக்கிடுறேன். இங்கன ஒரு கதவு விட்டுத் தாரேன். ஆனா அது பக்கக்கதவு. எவன் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

"நீங்க எந்தப் பேரு வேணாலும் வைங்க. நாலடி அகலம் வேணும்."

"வாக்கருக்கு மூணடி தாராளம்க்கா."

"பிரிட்ஜும் உள்ள வரணும்ல."

தை மாதத்தில் வீட்டுப் பிரதிஷ்டை நடந்தது. தலைவாசலின் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது, கதவு சாத்தியிருந்தது. ஐந்து படிகளின் கீழே உறவினர் சூழ, போதகர் கத்தரிக்கோலுடன் காத்திருந்தார். கிருபாவதி வந்த ஆட்டோ அங்கே நிற்கவில்லை. அவள் சொன்னபடி தென்கோடிவரை மேலேறி நின்றது.

கிறிஸ்டோபர் ஓடிவந்து கையை நீட்டினார்.

"வேண்டாம். நீங்க போயி போதகரய்யா பக்கத்துல நில்லுங்க," என்றாள்.

வாய்க்காலின் மேல் போட்ட கம்பிகள் நெருக்கமாக இருந்தன. வாக்கரின் கால் சிக்குமோ என்று முத்துராஜா தம் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தே பற்றவைத்திருந்தார். அதைக் கடந்து, நான்கு விரற்கடைச் சரிவில் ஏறி, அவள் உள்ளே நுழைந்தாள். சுண்ணாம்பு வாடை மாறாத கூடத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து, தலைவாசலின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

கதவு திறந்ததும் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வாங்கய்யா. பாத்து ஏறுங்க, அஞ்சு படி இருக்கு," என்றாள் கிருபாவதி.

உறவினர் ஒருவர் தெற்கே எட்டிப் பார்த்து, அங்கே என்ன வாசல் என்று கேட்டார். புது வேட்டியில் ஓரமாக நின்ற முத்துராஜா முந்திக்கொண்டார்.

"அதுங்களா? பக்கக்கதவுங்க."