முதல் வீட்டுக் குழாய்

செத்துப்போன பூவம்மாளைக் குளிப்பாட்டப் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்து நின்றார்கள். மரியம்மாள் வெறும் தவலையோடு வெளியே வந்தாள்.

"வாசல்லயே குழாய் கீது. அதுல புடியேன்" என்றாள் பக்கத்து வீட்டு தேவகி.

மரியம்மாள் காதில் வாங்காமல் கிணற்றுப் பக்கம் திரும்பினாள். அந்தக் குழாயைக் கண்டாலே அவளுக்கு வயிறு எரியும். சாவு வீட்டிலும் எரிந்தது.

ஷபீ அஹமது சாயபு ஆம்பூரில் தோல் மண்டிக்காரர். அவருடைய வரிசை வீடுகளில் முதல் வீடு மூத்த ஓரகத்தி பூவம்மாளுக்கு, கடைசி வீடு மரியம்மாளுக்கு. வீடுகளைக் கட்டிய அவர் அப்பா, பெரிய சாயபு, குடியிருப்பவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: வாடகை ஏறாது, கொடுத்த வசதியும் குறையாது. ஒன்றை எடுத்தால் எல்லோருக்கும் ஈடு கொடுத்துவிட்டுத்தான் எடுப்பது. போன வருஷம் மகன் இஞ்சின் வைத்துக் குழாய் இழுத்தார். அது முதல் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

குழாயை வைத்துக்கொண்டும் பூவம்மாள் தினம் மரியம்மாள் வாசலிலிருக்கும் கிணற்றுக்குக் குடத்தோடு வருவாள். இரண்டும் வேண்டுமாம் மகாராணிக்கு. மரியம்மாள் அவளோடு பேச்சையே விட்டிருந்தாள்.

துக்கம் கேட்க வந்த சாயபு மரியம்மாளை நிறுத்தினார்.

"புள்ள குட்டி இல்லாத வீடு, மரியம்மா. நீயே குடி வந்துடு. கெணத்த மூடிட்டு அங்க கொட்டாய் போட்டுடறேன்."

அவள் நெஞ்சு துள்ளியது. வெட்கமில்லாமல் துள்ளியது.

"இத்தினி நாளு ஏன் மூடல சாயபே?"

"உங்க அக்காதான். குழாய் எல்லாருக்கும் போதும்னேன். எனக்கே போதலன்னு தெனம் வந்து எறைச்சா. குழாய் வீட்டுக்காரியே எறைக்கும்போது, குழாய்தான் ஈடுன்னு சொல்லி நான் எப்பிடி மூடறது? பேஜாராப் போயி ஒரு நாள் கேட்டேன். 'எந் தங்கச்சி ரோஷக்காரி சாயபே. எவ வாசல்லயும் கொடத்தோட நிக்க மாட்டா'ன்னா."

குழாயடியில் பூவம்மாளின் பித்தளைக் குடம் கவிழ்ந்திருந்தது. மரியம்மாள் தவலையை வைத்துவிட்டு அதை எடுத்தாள்.

"இன்னா சொல்ற?"

"மொதல் வீட்டுக் கொடம் நாளைக்கும் கெணத்துக்கு வரும், சாயபே."

அவள் வரிசை நெடுக நடந்துபோய், கயிற்றுச் சுருக்கைக் குடத்தின் கழுத்தில் இறுக்கிக் கிணற்றில் இறக்கினாள்.