அக்கரையின் கோடு

என் அண்ணன் கோபிசங்கருக்குச் சந்தேகம் காலைத் தேத்தண்ணி மாதிரி. அது இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. இந்த முறை அது என் கல்யாணத்தின் தலையில் வந்து இறங்கியது.

ஒரு விடுதிக்காக அண்ணன் எடுத்த தொண்டைமானாற்று நீரேரிப் படம் வேண்டாமென்று திரும்பி வந்துவிட்டது. படத்தில் மின்கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. கமெராவை ஏற்றிய முக்காலி கஜானனுடையது. அண்ணனைப் போலவே படம் எடுக்கும் நீர்வேலிக் கஜானனைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். முக்காலியில் இருக்கும் ரசமட்டத்தின் குமிழியை நடுவில் நிறுத்தினால் கமெரா மட்டமாக நிற்கும். ஆனால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் அடிவானத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குக் குமிழி எதற்கு? அண்ணன் அதைப் பாராமல், தண்ணீர் முடியும் கோட்டுக்குக் கமெராவை நேராக்கியிருந்தார்.

"அடிவானம் நேர், கம்பம் சாய்வு. உவன் முக்காலியிலை ஏதோ செய்துபோட்டான். அந்த வேலையிலை உவனுக்கும் ஒரு கண். உப்பிடிப்பட்டவனுக்கு உன்னைக் குடுக்கமாட்டன்."

ஒரு கிழமை அழுதேன், சண்டை பிடித்தேன். கடைசியில் இருவரையும் அதே இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கஜானன் குமிழியை நடுவில் நிறுத்தினார். திரையில் கம்பங்கள் நிமிர்ந்தன; கோடு சரிந்தது.

"பாத்தியே!" என்றார் அண்ணன்.

"அண்ணை, உது அடிவானமில்லை, அக்கரை. வலப்பக்கம் எங்களுக்குக் கிட்ட வருது, இடப்பக்கம் விலகிப் போகுது. அதுதான் சரிவாத் தெரியுது. உங்கடை ஊர்க் கடலிலை அக்கரை தெரியாதெல்லே," என்றார் கஜானன்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் கஜானன் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு நான் எடுக்கேக்கை நீ பக்கத்திலைதானே நிண்டனீ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பியளோ?"

நம்பியிருக்கமாட்டார். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழமை முழுக்கக் கஜானன் என்னோடு ஃபோனில் கதைத்தவர். நான் அழுததைக் கேட்டவர்.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

அவர் முக்காலியின் கால்களை மடக்கத் தொடங்கினார். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்த விடுதி வேலை இப்ப ஆருக்கு?"

"எனக்குத்தான் தந்தவை," என்றார், நிமிராமலே.

திரும்பும்போது நான் கஜானனைப் பாராமலே அண்ணனின் மோட்டார்சைக்கிளில் ஏறினேன்.