சூரியன் அடங்கட்டும்

மணிகண்டபிரபுவிடம் தைரியத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை, வாராவாரம் புதுச் சட்டை, மாதாமாதம் புதுச் சாக்கு. இந்த ஆளையா மூன்று வருடமாக நம்பினோம் என்று ஷெர்லினுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

அவள் வல்லம் வடகால்காரி. வீட்டில் அடியும் வாங்கி, அப்பாவைச் சம்மதிக்கவும் வைத்துவிட்டாள். அவர் கேட்டது ஒன்றுதான்: பையனுடைய அம்மா ஒரு வார்த்தை பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசாவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்ப்பார். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்ட கையோடு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவதாக இவன் சத்தியம் செய்திருந்தான். அதை நம்பி, ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

கும்பிட்டாயிற்று. திருநீறும் பூசியாயிற்று. போனில் அவன் எடுத்தது அம்மாவின் நம்பரை அல்ல, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் வரைபடத்தை.

"சூரியன் இப்பம் உச்சத்துல நிக்குது. தீயா கக்குது. பதினோரு வருசத்துக்கு ஒருக்க இப்பிடி ஏறி எறங்கும். எனக்கு ஏழாம் வீட்டுல சூரியன்னு ஜோசியரு வேற சொல்லியிருக்காரு. அஞ்சாறு வருசம் பொறுத்தா அடங்கிரும். அப்பம் அம்மாட்ட பேசுதேன்."

ஜாதகத்தையும் விஞ்ஞானத்தையும் ஒன்றாகப் பிசைந்து அதன் பின்னால் ஒளிந்துகொள்ள இவனால்தான் முடியும். போனைப் பிடுங்கிப் பார்த்தாள். நானூறு வருடக் கணக்கு, ஏற்றமும் இறக்கமுமாக. ஓரிடத்தில் மட்டும் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

"இது இன்னா?"

"அது... அந்தக் காலத்துல எழுவது வருசம் சூரியன் சும்மா கெடந்துச்சாம்."

"எழுவது வருசம்! அப்ப பொறந்திருந்தா மட்டும் உங்கம்மாகிட்ட சொல்லிக் கிழிச்சிருப்பியா?"

அவன் கோபுரத்தைப் பார்த்தான்.

"சின்ன வயசுல சூரியன் இதைவிடப் பல மடங்கு ஆடிச்சு, வயசாக வயசாக அடங்கிடுச்சுன்னு நீதானே அன்னிக்கு பஸ்ல சொன்னே? சூரியனே வளந்துடுச்சு. நீ எப்போ வளரப் போறே?"

அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. அவன் அம்மா. ஷெர்லினே அதை அவனிடம் திணித்தாள். இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, வெட்கங்கெட்ட நெஞ்சு.

"கோயிலுக்கு வந்தேம்மா. இல்லம்மா, தனியாத்தான் வந்திருக்கேன்."

அவள் படியிறங்கி, வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறிக்கொண்டாள். அவன் போனைப் பொத்திக்கொண்டு, ஒரு நிமிஷம் என்று சாடை காட்டினான். ஆட்டோ நகரட்டும் என்று காத்திருந்தாள். அம்மாவிடம் அவன் சொன்ன அந்தத் 'தனியா' மட்டுமாவது உண்மையாக இருக்கட்டும்.