சாயத் தெரியாத டயர்

மிஷினக்காவின் மோட்டார் சைக்கிளில் பின் டயர் மறுபடியும் நடுவில் வழுக்கை விழுந்திருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவரின் தலையைப் பார்த்தாள்.

"என்ன பார்க்கிற?" என்றார் அவர், வாயில் நுரையோடு.

"ஒண்ணுமில்லீங்க. உங்க அளவுக்கு இன்னும் தேயல."

தையல் மிஷின் ரிப்பேர் செய்வது அவள் தொழில். அதனால் ஊர் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். பெரிய தையல் கூடங்களிலிருந்து, ஒற்றை அறையில் ரவிக்கை தைக்கிறவர்கள் வரை எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள். ஒன்றில் கருவிகள், இன்னொன்றில் மோட்டார், பெல்ட், ஊசி, எண்ணெய். போதாக்குறைக்குப் பல நாள் மேஜையிலிருந்து கழற்றிய ஒரு முழு மிஷின் தலையும் பின் சீட்டில் கயிறு கட்டிக்கொண்டு பயணம் செய்யும். அத்தனை கனத்தோடு நேர் சாலையில் ஓடி ஓடி, எந்த டயர் போட்டாலும் நடுவில் மட்டும் தேய்ந்துபோகும். ஓரங்கள் கடையில் வாங்கிய மேனிக்குப் புதுசாக இருக்கும்.

டயர்கடை வைத்திருந்தது அவளுடைய தம்பிதான். "அக்கா, நீ வண்டி ஓட்டுறியா, இல்ல டயரைத் தொட்டுக்கிட்டு சாப்பிடுறியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

கணவர் பஸ் டிரைவர். பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் விசிலடித்தபடி இறங்குகிற மனிதர், பெண்டாட்டிக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தில் உட்கார்ந்தால் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அவருக்கு வார விடுமுறை வந்தால் அவளோடு வேலைக்குக் கிளம்புவார். மிஷின் தலையை மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் அவளுக்கும் வசதி. வழியெல்லாம் அவர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"ஒரு கார் வாங்கிடலாம்மா."

"என் தையல்காரங்க எல்லாம் முட்டுச்சந்துல இருக்காங்க. காரை எங்கங்க நிறுத்துறது, என் தலையிலயா?"

அன்று பெட்ரோல் போடப் போன இடத்தில்தான் அவள் அந்தத் தாடிக்காரரைப் பார்த்தாள். எருமை மாதிரி ஒரு பெரிய பைக். அதன் பின் சக்கரம் ஏதோ ஒரு மாதிரியாக இருந்தது. அகலமாக, அடிப்பக்கம் பலகை போலத் தட்டையாக.

"இது என்ன டயருங்க?"

"கார் டயர்," என்றார் தாடிக்காரர், பொடிப்பையனைப் போலச் சிரித்துக்கொண்டு. "நான் தேஞ்சாலும் இது தேயாது."

அவ்வளவுதான். அன்றைக்கு அவள் எந்த மிஷினைத் திறந்தாலும் உள்ளே கார் டயர்தான் தெரிந்தது.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் முழுசா ஒரு கார் கேட்டா, நீ டயர் மட்டும் வாங்கித் தர்றியா? மீதிய தவணையில தருவியா?"

தம்பி சிரிக்கவில்லை. "அக்கா, வேணாம். பைக் டயர் அடியில உருண்டையா இருக்கும். வளைவுல வண்டி சாயும்போது அதுவும் கூடவே உருளும். கார் டயர் அப்படிச் சாயாது, நிமிர்ந்துதான் நிக்கும். அதோட, உன் வண்டிச் சக்கரத்து விளிம்புல அது சரியா உட்காருமான்னே தெரியாது."

"உட்காரலைன்னா எழுந்துக்கட்டும். போட்டுத்தான் பார்ப்போமே."

"நான் போட மாட்டேன்."

"சரி. கடையைக் குடு, கருவியைக் குடு. நானே போட்டுக்கறேன்."

அக்கா ஒன்றை நினைத்துவிட்டால் அதற்குப் பிறகு பேசுவது வாய்க்குத்தான் வலி என்று தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பெருமூச்சு விட்டுக்கொண்டு கையுறையை மாட்டினான்.

வண்டியை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார்கள். பழைய டயரின் விளிம்பு துருவோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "மாமா, நீங்க ஏறி நில்லுங்க," என்றான் தம்பி. உடல் எடையைப் பற்றி யாரும் அதுவரை அவரிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. டிரைவர் டயர் மேல் ஏறி மிதி மிதியென்று மிதித்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

புது டயருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, நெம்புகம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினார்கள். காற்று ஏறியது. ஒரு பக்கம் 'டப்' என்று உட்கார்ந்தது. மறுபக்கம் அசையவில்லை. தம்பி எல்லோரையும் சுவருக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தடவி, நீளக் குழாயை மாட்டித் தூரத்திலிருந்து காற்றடித்தான். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

'டமார்!'

கடையே ஒரு தரம் குலுங்கியது. தம்பி எட்டிப் பார்த்தான். டயர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மாமாவைத்தான் காணோம். அடுக்கி வைத்திருந்த லாரி டயர்களுக்கு நடுவே இருந்த ஓட்டையில் இடுப்பு வரை இறங்கி நின்றுகொண்டிருந்தார். எப்படி அங்கே போனார் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

சக்கரத்தை வண்டியில் மாட்டினால், செயினை மூடியிருந்த தகட்டில் டயர் உரசியது. அது மிஷினக்காவின் வேலை. தையல் மிஷினில் ஊசிக்கும் கொக்கிக்கும் நடுவே முடி அளவு இடைவெளி பார்த்துப் பழகிய கண். மெல்லிய வளையங்களைக் கொடுத்துத் தகட்டை வெளியே நகர்த்தினாள். கடைசியில், மடித்த காகிதம் ஒன்று டயருக்கும் தகட்டுக்கும் நடுவே தொடாமல் போய் வந்தது.

"பார்த்தியா?" என்றாள் தம்பியிடம்.

"ஓட்டிட்டு வந்து சொல்லு," என்றான் அவன்.

நேர் சாலையில் வண்டி மெத்தையில் போவது போலப் போனது. குண்டு குழி தெரியவில்லை. பிரேக் போட்டால் போட்ட இடத்தில் நின்றது. மிஷினக்காவுக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தோடு சலவைக்கடை முனைக்கு வந்து, வழக்கம்போல வண்டியைச் சாய்த்தாள்.

வண்டி சாயவில்லை. 'நீ வேண்டுமானால் திரும்பிக்கொள், நான் நேராகத்தான் போவேன்' என்பது போல முறைத்துக்கொண்டு, திறந்திருந்த கேட் வழியாக நேரே சலவைக்கடை முற்றத்துக்குள் போயிற்று. கொடியில் வரிசையாகப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. முதல் விரிப்பு அவள் முகத்தில் விழுந்தது, இரண்டாவது தோளைச் சுற்றியது, மூன்றாவதில் வண்டி நின்றது. நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்லை.

சலவைக்கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஏன் மிஷினக்கா, துணி வாங்கிட்டுப் போறதுன்னா உள்ள வந்து கேட்கக் கூடாதா?"

விரிப்புகளை மிஷினக்காவே மறுபடி அலசிப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது.

ஆனாலும் விடவில்லை. கைப்பிடியை அழுத்தித் தள்ளினால் வண்டி முனகிக்கொண்டே திரும்பும் என்று கண்டுபிடித்தாள். தனியாகப் போகும்போது சமாளித்துவிட்டாள். தோள்தான் சாயங்காலம் விண் விண் என்று வலித்தது. டிரைவர் பின்னால் ஏறியதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. வளைவு வந்தால் அவர் கம்பம் மாதிரி விறைத்துக்கொள்வார். வண்டியும் விறைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் அவள் மல்லுக்கட்ட வேண்டும்.

"கொஞ்சம் சாயுங்களேன்."

"சாய்ஞ்சா விழுந்துடுவோம்."

"சாயலைன்னாதாங்க விழுவோம்!"

"இது என்ன நியாயம்?"

அவருக்குப் பழக்கம் கொடுத்துப் பார்க்கலாம் என்று, அடுத்த விடுமுறை நாளில் பஸ் டிப்போவின் பின்னால் இருந்த காலி மைதானத்துக்குப் போனார்கள். அது தப்பாகப் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் இருந்த டிரைவர்களும் கண்டக்டர்களும் கையில் டப்பாவோடு வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள்.

"அண்ணே, கண்ணைத் தொறங்க! எந்த ரூட்ல போறோம்னு தெரிய வேணாமா?"

"அண்ணி, உள்ள இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு!"

ஒரு கண்டக்டர் ஒவ்வொரு வளைவிலும் விசில் ஊதினார். ஊதும்போதெல்லாம் டிரைவருக்குக் கால் தானாக பிரேக்கைத் தேடியது. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் அவள் கணுக்கால் இருந்தது. மூன்றாவது மிதியில் அவள் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"இறங்குங்க," என்றாள்.

இறங்கினார். முகம் சிவந்திருந்தது. எல்லோர் முன்னாலும் கேலிக்கு ஆளான கோபம், பயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்த கூச்சம், எல்லாம் சேர்ந்து வெடித்தது.

"என்னால முடியாதும்மா! இந்த டயருக்குச் சாயத் தெரியாது. எனக்கும் சாயத் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் ஒரே ரகம். சாயாத வண்டியில போடு, நாங்க பாட்டுக்கு ஒழுங்கா ஓடுவோம்!"

மிஷினக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். டயரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைத் தட்டினாள்.

"ஏங்க, நீங்க இப்ப என்ன சொன்னீங்க?"

"கோபத்துல ஏதோ சொன்னேன், விடு."

"விட மாட்டேன். சாயாத வண்டியா மாத்திடலாம்."

பழைய இரும்புக் கடையில் தேடி, ஒரு சைடுகார் கண்டுபிடித்தார்கள். பைக்கின் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுமே, அந்தத் தொட்டி. எப்போதோ யாரோ அதில் கோழி வளர்த்திருந்தார்கள் போலிருக்கிறது. தம்பி குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியடித்தபோது இறகாகப் பறந்தது. இந்தத் தடவை தம்பி மறுப்புச் சொல்லவே இல்லை. "மூணு சக்கரம்னா இந்த டயர் பொருத்தம்தான். சாய வேண்டியதே இல்லையே," என்று அவனே தாங்குகம்பிகளைப் பற்றவைக்க ஆள் கூட்டிவந்தான். மிஷினக்கா நூல் பிடித்து, மூன்று சக்கரமும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று அளந்து அளந்து முடுக்கினாள். உட்காரும் இடத்தை ஒரு தையல்காரி மெத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, ஆட்டிப் பார்த்து, கடைசியில் "நானும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுமதி தந்தார்.

முதல் பயணத்தில் டிரைவர் தொட்டிக்குள் கால் நீட்டி உட்கார்ந்தார். முழங்கால்களுக்கு நடுவில் மிஷின் தலை. சலவைக்கடை முனை வந்தது. மிஷினக்கா கைப்பிடியைத் திருப்பினாள். வண்டி மறுபேச்சுப் பேசாமல் திரும்பியது.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கண்கள் திறந்திருந்தன.

"ஏம்மா, இந்தத் தெருவுல பூச்செடிக் கடை இருக்கா?"

"நாம குடிவந்த நாளா இருக்கு."

"நான் பார்த்ததே இல்லையே!"

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கை காட்டினார். "வலது பக்கம் லாரி", "முன்னாடி மேடு", "அந்த ஸ்கூட்டர்காரன் இண்டிகேட்டர் போட மறந்துட்டான்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார். மிஷினக்காவுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்த காலமே தேவலாம் என்றிருந்தது. ஆனால் சொல்லவில்லை. அவர் சிரிக்கிற சத்தம் இன்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

வேலை முடிந்து திரும்பும்போது அவர் தொட்டியில் ஏறாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னங்க?"

"நான் ஓட்டிப் பார்க்கவா?" ஏதோ ஆகாத காரியம் கேட்டுவிட்டவர் போலக் கழுத்தைச் சொறிந்தார். பைக் ஓட்ட லைசென்ஸ் அவரிடம் எப்போதும் இருந்தது, தைரியம்தான் இல்லை. "இதுதான் விழாதே."

அவள் சாவியை அவர் கையில் வைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பைக் ஓட்டி அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கால் நீட்டினாள். வலித்த தோளைத் தளர்த்தினாள். காற்று முகத்தில் அடித்தது. இவ்வளவு சுகமா இந்த இடம் என்று நினைத்துக்கொண்டாள்.

டிரைவர் வண்டியைப் பஸ்ஸைப் போலவே ஓட்டினார். நிதானமாக, அகலமாகத் திரும்பி, பெரிய வண்டிக்காரரின் பெருமிதத்தோடு. முதல் பஸ் நிறுத்தம் வந்ததும் கை தானாகக் கைப்பிடியை ஓரமாகத் திருப்பியது. வண்டி கச்சிதமாக நிறுத்தத்தில் போய் நின்றது.

"ஏங்க, இங்க எதுக்கு நிறுத்துறீங்க?"

"பழக்கதோஷம்," என்றார் அவர், அசடு வழிய.

நிறுத்தத்தில் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். வண்டியை மேலும் கீழும் பார்த்தார். தொட்டியில் உட்கார்ந்திருந்த மிஷினக்காவைப் பார்த்தார். பின் சீட் காலியாக இருப்பதையும் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி ஸ்டாப் போகுமா?"

டிரைவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் அந்தப் பெண்மணியிடமிருந்து பைகளை வாங்கி மிஷின் தலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"போகும்மா, ஏறுங்க," என்றாள். "கெட்டியா பிடிச்சுக்குங்க. சாய மட்டும் வேணாம்."